தொலைவது வேறு, சிதைவது வேறு

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது கேட்டால் மூன்று செட்டிங் வரிகள் ஒரே மூச்சில் பதிலாக வந்து விழும்: எஃப்சிங்க் ஆஃப், சிங்க்ரனஸ் கமிட் ஆஃப், ஃபுல் பேஜ் ரைட்ஸ் ஆஃப். கூடவே "புரொடக்‌ஷனில் போட்டுவிடாதீர்கள்" என்று ஒரு எச்சரிக்கையும் வரும். கேட்டவர் மூன்றையும் போடுவார், வேகம் கூடும், அதோடு மறந்துவிடுவார். இந்த மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. வேகத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. டெஸ்ட் ஓட்டும் இடத்தில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் வீண். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது இந்த மூன்றிலும் ஒன்றல்ல. ஒன்று கடைசி அரை நொடித் தரவைத் தொலைக்கும், அவ்வளவுதான். மற்ற இரண்டும் முழு டேட்டாபேஸையும் சிதைக்க வல்லவை. தொலைந்தது தெரியும், திரும்ப எழுதிக்கொள்ளலாம். சிதைந்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் எடுத்த பேக்கப்புகளிலும் அது ஏறியிருக்கும்.

கமிட்டுக்கு என்ன விலை?

ஒரு டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) கமிட் ஆகும்போது, அதாவது உறுதியாகும்போது, அதன் மாற்றங்கள் முதலில் வால் லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதப்படும். பிறகு, "கேஷில் வைத்திருக்காதே, டிஸ்க்கில் இறக்கு" என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் எஃப்சிங்க் கேட்கும். இறங்கிவிட்டது என்ற பதில் வந்த பிறகே கிளையன்ட்டுக்கு "கமிட்" போகும். இந்தக் காத்திருப்புதான் விலை. 7200 ஆர்.பி.எம். டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.33 மில்லிசெகண்ட் ஆகும். ஆகவே ஒரே இணைப்பிலிருந்து ஒவ்வொன்றாக கமிட் செய்தால் நொடிக்கு ஏறக்குறைய 120-ஐத் தாண்ட முடியாது. மின்சாரம் போனாலும் தாங்கும்படி கெபாசிட்டர் வைத்த சர்வர் ரக எஸ்.எஸ்.டி. சில பத்து மைக்ரோசெகண்டில் பதில் சொல்லிவிடும். சாதாரண எஸ்.எஸ்.டி.யும், நெட்வொர்க் வழியே வரும் கிளவுட் வால்யூமும் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும்.

எங்கே நிற்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சிறு கருவியை, டேட்டா இருக்கும் அதே வால்யூமில் ஒரு கோப்பைக் காட்டி ஓட்டினால், ஒவ்வொரு சிங்க் முறையிலும் நொடிக்கு எத்தனை ஃப்ளஷ் (டிஸ்க்கில் இறக்குதல்) தாங்கும் என்று சொல்லிவிடும். 7200 டிஸ்க்கில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் காட்டினால் மகிழாதீர்கள்: டிஸ்க் தன் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்கிறது. மேக் லேப்டாப்பிலும் இதே கதை. அங்கே போஸ்ட்கிரஸின் இயல்பான அமைப்பு டிரைவின் கேஷை வெறுமையாக்கச் சொல்வதில்லை. வால் சிங்க் மெத்தட் செட்டிங்கை எஃப்சிங்க் ரைட்த்ரூ என்று மாற்றினால்தான் சொல்லும். லேப்டாப்பில் பறந்தது சர்வரில் தவழ்வதற்கு இது ஒரு காரணம்.

அளந்த பிறகு, சர்வர் உண்மையில் எதற்காகக் காத்திருக்கிறது என்பதை, நடப்பு இணைப்புகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் உள்ள வெயிட் ஈவென்ட் பத்தியில் பாருங்கள். வால் ரைட், வால் சிங்க் என்று நிறைய வந்தால் நாம் பேசும் செட்டிங்குகள் உதவும். டேட்டா ஃபைல் ரீட், லாக் (பதிவு அல்ல, பூட்டு) என்று வந்தால் மூன்றையும் அணைத்தாலும் ஒரு துளிகூட வேகம் கூடாது. இன்டெக்ஸ் இல்லாத குவெரியை எஃப்சிங்க்கால் காப்பாற்ற முடியாது.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு ஃப்ளஷுக்கு 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் வரிகளைத் தனித்தனி கமிட்டாக ஏற்றினால் காத்திருப்பு மட்டுமே 1000 நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம். ஆயிரம் வரிக்கு ஒரு கமிட் என்றால் அதே காத்திருப்பு 1 நொடி. காப்பி கட்டளையில் ஒரே டிரான்சாக்‌ஷனாக ஏற்றினால் கமிட்டுக்கான காத்திருப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இருக்காது. பாதுகாப்பில் கைவைக்காமலேயே கிடைக்கும் வேகம் இது. ஓஆர்எம் (டேபிள் வரிகளை ஆப்ஜெக்ட்டுகளாகக் கையாளும் லைப்ரரி) லூப்பில் ஒவ்வொரு சேவ்வுக்கும் ஒரு கமிட் போட்டுவிட்டு எஃப்சிங்க்கைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

செக்பாயிண்ட் பொய் சொன்னால்

வணிகவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் தெரியும். நடந்ததை நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் பதிய வேண்டும், பிறகு அந்தந்தக் கணக்குக்குப் பேரேட்டில் எடுத்தெழுத வேண்டும். வால் லாக் குறிப்பேடு. டேபிள், இன்டெக்ஸ் கோப்புகள் பேரேடு. செக்பாயிண்ட் என்பது "இதுவரை உள்ளதெல்லாம் பேரேட்டுக்குப் போய்விட்டது" என்று கோடு போடும் வேலை. கோட்டுக்கு முந்தைய வால் கோப்புகள் இனித் தேவையில்லை என்று அவற்றை அழித்துவிடும், அல்லது பெயர் மாற்றி மறுபடி பயன்படுத்தும். சர்வர் விழுந்து எழுந்தால் கடைசிக் கோட்டிலிருந்துதான் மறுபடி படிக்கத் தொடங்கும். அதற்கு முன்னால் பார்க்காது.

எஃப்சிங்க் ஆஃப் ஆகியிருக்கும்போது இந்தக் கோடு பொய்யாகிவிடுகிறது. ஒரு சின்ன நிகழ்வைப் பின்தொடர்ந்து பார்ப்போம். 10:00 மணிக்கு ஒரு புதிய வரி நுழைகிறது. டேபிளில் ஒரு பக்கம் (கோப்பின் ஒரு துண்டு) மாறுகிறது, இன்டெக்ஸில் ஒரு பக்கம் மாறுகிறது. 10:05-க்கு செக்பாயிண்ட் வருகிறது. இரண்டு பக்கங்களையும் கெர்னலிடம் கொடுக்கிறது. டிஸ்க்கில் இறங்கியதா என்று கேட்பதில்லை, ஏனென்றால் கேட்காதே என்று நாம்தான் சொல்லியிருக்கிறோம். கன்ட்ரோல் ஃபைலில் "செக்பாயிண்ட் முடிந்தது" என்று எழுதுகிறது. இனி எதை எப்போது டிஸ்க்குக்கு அனுப்புவது என்பது கெர்னலின் இஷ்டம். லினக்ஸின் இயல்பான அமைப்பில் ஓர் அழுக்குப் பக்கம் (மாறியும் டிஸ்க்கில் இறங்காதது) 30 நொடிவரை மெமரியில் கிடக்கலாம். கன்ட்ரோல் ஃபைல் முதலில் இறங்குகிறது, இன்டெக்ஸ் பக்கமும் இறங்குகிறது, டேபிள் பக்கம் இன்னும் இறங்கவில்லை. அந்த நொடியில் மெஷின் விழுகிறது.

மறுபடி எழும்போது போஸ்ட்கிரஸ் 10:05 கோட்டிலிருந்து படிக்கிறது. 10:00 மணி மாற்றம் கோட்டுக்கு முன்னால் இருப்பதால் அதைத் திரும்பச் செய்வதில்லை. இன்டெக்ஸ் ஒரு வரியைக் காட்டுகிறது, அந்த வரி டேபிளில் இல்லை. இதில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது அடுத்து நடப்பதுதான்: சர்வர் எந்தப் புகாரும் இல்லாமல் எழுந்து, இணைப்புகளை ஏற்கத் தயார் என்று லாக்கில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கிவிடும். காலியான அந்த இடத்தில் வேறொரு வரி வந்து உட்கார்ந்தால், பழைய இன்டெக்ஸ் பதிவு சம்பந்தமே இல்லாத அந்த வரியைச் சுட்டும். யூனிக் இன்டெக்ஸ் இருந்தும் ஒரே எண் இரண்டு முறை நிற்கும். பெரிய டெக்ஸ்ட் பத்தியைப் படிக்கப் போனால் டோஸ்ட் துண்டு (பெரிய மதிப்பைப் பிரித்துத் தனியே வைத்த துண்டு) காணவில்லை என்று பிழை வரும். செக்சம் (பக்கத்தின் சரிபார்ப்பு எண்) போட்டிருக்கிறோமே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பாதி எழுதிய பக்கத்தைத்தான் செக்சம் பிடிக்கும். பழைய பக்கம் பழையபடி முழுதாக இருந்தால் அதன் செக்சமும் சரியாகவே இருக்கும்.

சிங்க்ரனஸ் கமிட் ஆஃப் இதில் எங்கே நிற்கிறது? குறிப்பேட்டில் எழுதி முடிக்கும்வரை கிளையன்ட்டைக் காக்க வைப்பதில்லை. அதில் மாறுவது அது ஒன்றுதான். வால் ரைட்டர் என்ற பின்னணி வேலை இயல்பாக 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழுந்து ஃப்ளஷ் செய்யும். மிக மோசமான நிலையில் அதன் மூன்று மடங்கு, அதாவது 600 மில்லிசெகண்ட் அளவு கமிட்டுகள் போகும். வரிசை மட்டும் குலையாது. ஒரு டேட்டா பக்கம் டிஸ்க்குக்குப் போகும் முன் அதன் வால் பதிவு போயிருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது, செக்பாயிண்ட்டும் உண்மையையே சொல்கிறது. விழுந்து எழுந்தால் கடைசி சில டிரான்சாக்‌ஷன்கள் நடக்கவே இல்லை என்பதுபோல் இருக்கும், அதற்கு முந்தையவை ஒழுங்காக இருக்கும். எஃப்சிங்க்கை அணைத்துப் பெறக்கூடிய வேகத்தில் பெரும்பகுதியை இதுவே தந்துவிடும் என்று போஸ்ட்கிரஸ் ஆவணமே சொல்கிறது. 2008-இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

இரண்டும் விழும் விதத்தில் ஒரு முரண் உண்டு, பலர் கவனிப்பதில்லை. போஸ்ட்கிரஸ் புராசஸ் மட்டும் செத்து கெர்னல் உயிரோடு இருந்தால், எஃப்சிங்க் ஆஃப் எதையும் இழக்காது. கொடுத்ததெல்லாம் கெர்னலின் கேஷில் பத்திரமாக இருக்கும். சிங்க்ரனஸ் கமிட் ஆஃப் அப்போதும் சில கமிட்டுகளை இழக்கலாம், ஏனென்றால் அவை போஸ்ட்கிரஸின் சொந்த பஃபரிலேயே இருந்திருக்கும். புராசஸை உடனே கொல்லும் கில் மைனஸ் நைன் கொடுத்து சோதித்துவிட்டு "எஃப்சிங்க் ஆஃப்தான் பத்திரம்" என்று முடிவுக்கு வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மெஷினையே விழ வைத்துச் சோதித்தால் முடிவு தலைகீழாகும்.

வேகம் வேண்டும் என்றால் சிங்க்ரனஸ் கமிட்டில் தொடங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அதை சர்வர் முழுக்கப் போடவும் தேவையில்லை. ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் 'செட் லோக்கல்' போட்டு அதற்கு மட்டும் அணைக்கலாம். ஒரு ரோலுக்கு மட்டும் அணைக்கலாம். பக்கப் பார்வைக் கணக்கு, செஷன் பதிவு, சென்சார் அளவு இவற்றுக்கு ஆஃப். பணம் வாங்கும் டிரான்சாக்‌ஷனுக்கு ஆன். "பணம் கிடைத்தது" என்று எஸ்.எம்.எஸ். போன பிறகு டேட்டாபேஸ் அதை மறந்துவிட்டால், அந்த 600 மில்லிசெகண்ட் சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது வரி

ஃபுல் பேஜ் ரைட்ஸ் எதற்கு என்றால், போஸ்ட்கிரஸின் பக்கம் 8 கேபி, அடியில் இருக்கும் கோப்பு முறைமையும் டிஸ்க்கும் பெரும்பாலும் 4 கேபி அல்லது அதற்கும் சிறிய துண்டாகத்தான் உறுதி தரும். மின்சாரம் போகும்போது பாதிப் பக்கம் புதிது, பாதி பழையது என்று கிழிந்து நிற்கலாம். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது முழுப் பக்கமும் வாலில் எழுதப்படுகிறது. இசட்.எஃப்.எஸ். போல எழுதிய இடத்திலேயே மேலெழுதாத கோப்பு முறைமை என்றால் அணைக்கலாம். மற்ற இடங்களில் அணைப்பது சிதைவுக்குக் கதவைத் திறப்பதே.

ஆனால் அதே வேகத்தை நல்ல வழியில் பெறலாம். செக்பாயிண்ட்டுகள் நெருக்கமாக வந்தால் முழுப் பக்கங்கள் அதிகம் எழுதப்படும். இடைவெளி விட்டால் குறையும். மேக்ஸ் வால் சைஸ் இயல்பாக 1 ஜிபி, செக்பாயிண்ட் டைம்அவுட் 5 நிமிடம். எழுத்து மிகுந்த சர்வரில் அவற்றை 16 ஜிபி, 30 நிமிடம் என்று ஏற்றுங்கள். கொடுக்கும் முக்கிய விலை, விழுந்தால் எழுந்திருக்க நேரம் கூடும் என்பது. செக்பாயிண்ட்டுகள் அடிக்கடி வருகின்றன என்று லாக்கில் புகார் தெரிந்தால் முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

"எங்கள் இடத்தில் கரண்ட் போகாது"

இரண்டு ஜெனரேட்டர், யூபிஎஸ் எல்லாம் இருக்கலாம். கெர்னல் பேனிக் ஆவதற்குக் கரண்ட் போக வேண்டியதில்லை. கிளவுட் விர்ச்சுவல் மெஷினை யாரோ கன்சோலில் வலிந்து ரீசெட் செய்தால், அடியில் உள்ள ஹோஸ்ட் பழுதானால், மலிவு விலை ஸ்பாட் மெஷினைத் திடீரெனப் பிடுங்கிக்கொண்டால், கெஸ்ட் கெர்னலின் கேஷ் முழுதும் போகும். டேட்டாபேஸின் கண்ணில் அது கரண்ட் கட்தான்.

"ரெப்ளிகா இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். இயல்பாக, தன் டிஸ்க்கில் இறங்கிய வாலை மட்டும்தான் பிரைமரி (முதன்மை சர்வர்) ரெப்ளிகாவுக்கு (அதன் நகல் சர்வருக்கு) அனுப்பும். எஃப்சிங்க் ஆஃப் ஆகும்போது "இறங்கியது" என்பதே பொய் என்பதால், பிரைமரி விழுந்தால் அது தொலைத்த வால் ரெப்ளிகாவிடம் இருக்கும். இரண்டும் வெவ்வேறு வழியில் போய்விடும். இந்த அமைப்பு நடைமுறையில் நிற்க ஒரே வழி, விழுந்த பிரைமரியை ஒருபோதும் எழுப்பாமல் ரெப்ளிகாவை உயர்த்தி, பழையதை முழுக்க அழித்துப் புதிதாகக் கட்டுவது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானே ரீஸ்டார்ட் செய்யும்படி விட்டிருந்தால் அந்த ஒழுக்கம் இரவு 2 மணிக்குக் காப்பாற்றப்படாது.

அணைக்க வேண்டிய இடத்தில் முழுதாக அணையுங்கள்

தானாக டெஸ்ட் ஓட்டும் சி.ஐ.யில் உள்ள டெஸ்ட் டேட்டாபேஸ் 10 நிமிடத்தில் சாகப் போகிறது. அங்கே மூன்றையும் அணைப்பதுதான் சரி. டாக்கர் கன்டெய்னரைத் தொடங்கும் கட்டளையிலேயே மைனஸ் சி போட்டு மூன்றையும் கொடுங்கள். அப்படியென்றால் அந்த அமைப்பு எந்தக் கோப்பிலும் தங்காது, தவறியும் வேறெங்கும் பரவாது. புது டேட்டா அடைவை உண்டாக்கும் இனிட்டிபி-க்கு நோ சிங்க் கொடுத்தால் தொடக்கமும் விரைவாகும். டேட்டா அடைவை டெம்ப்எஃப்எஸ்ஸில், அதாவது மெமரியிலேயே வைக்கலாம். போஸ்ட்கிரஸ் 18-ஆம் பதிப்பு முதல் டாக்கர் இமேஜில் டேட்டா அடைவின் பாதை மாறியிருக்கிறது. பழைய பாதையையே கொடுத்துவிட வேண்டாம்.

மெமரியில் வைக்கும்போது மேக்ஸ் வால் சைஸை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். டிஸ்க்குக்கு நல்ல அறிவுரை இங்கே கெட்ட அறிவுரை. வால் கோப்புகள் மெமரியைத் தின்று இடம் தீர்ந்தால் சர்வர் பேனிக் ஆகி நிற்கும். பொதுவாக 256 எம்பி போதும். டாக்கரில் பகிர்வு மெமரி இயல்பாக 64 எம்பி மட்டுமே; பேரலல் குவெரி ஓடும் டெஸ்ட்டுகள் பகிர்வு மெமரியைப் பெரிதாக்க முடியவில்லை என்று விழுந்தால் அந்த அளவைத்தான் கூட்ட வேண்டும். டெஸ்ட்டுகளுக்கு இடையே சுத்தம் செய்ய, பத்து வரி உள்ள டேபிள்களுக்கு ட்ரங்கேட்டை விட டிலீட் பெரும்பாலும் விரைவு, ஏனென்றால் ட்ரங்கேட் ஒவ்வொரு முறையும் புதுக் கோப்புகளை உண்டாக்கும். ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்தால் இன்னும் நல்லது.

உயிருள்ள சர்வரில் ஒரு டேபிள் மட்டும் போனால் போகட்டும் என்றால் அன்லாக்ட் டேபிள் இருக்கிறது, 2011-இல் வந்த 9.1 முதல். அதற்கு வால் எழுதப்படுவதில்லை. ஆனால் கிராஷ் ஆனால் அது காலியாகிவிடும், அதுவும் மெஷின் விழுந்தால் மட்டுமல்ல: மெமரி தீர்ந்து கெர்னல் ஒரே ஒரு பேக்எண்டைக் (ஓர் இணைப்புக்கான புராசஸை) கொன்றாலும் சர்வர் முழுதும் ரெக்கவரிக்குப் போகும், அன்லாக்ட் டேபிள்கள் எல்லாம் வெறுமையாகும். ரெப்ளிகாவில் அதைப் படிக்கவும் முடியாது. ஏற்றி முடித்து லாக்ட் ஆக மாற்றினால் முழு டேபிளும் திரும்ப எழுதப்படும், அதுவரை யாரும் அதைத் தொட முடியாது. ஆகவே "அன்லாக்ட்டில் ஏற்றி மாற்றிக்கொள்ளலாம்" என்ற உத்தியில் பெரும்பாலும் லாபம் குறைவு.

ஒரே ஒரு டேபிள்ஸ்பேஸை (டேபிள்களுக்கான தனி அடைவை) மட்டும் மெமரி டிஸ்க்கில் வைக்கலாமே என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். ரீபூட்டில் அந்த அடைவு காணாமல் போனால் அந்த டேபிள் மட்டும் போவதில்லை. கிளஸ்டரே எழ மறுக்கலாம்.

மைஎஸ்க்யூஎல் பக்கம் இதே பிரிவினை வேறு பெயரில் இருக்கிறது. ஃப்ளஷ் லாக் அட் டிரான்சாக்‌ஷன் கமிட் 1 என்றால் முழுப் பாதுகாப்பு. 2 என்றால் புராசஸ் செத்தால் ஒன்றும் போகாது, மெஷின் விழுந்தால் ஏறக்குறைய ஒரு நொடி போகும். 0 என்றால் எது விழுந்தாலும் ஒரு நொடி. 2-உம் 0-உம் தொலைக்கும் வகை. பாதி எழுதிய பக்கத்திலிருந்து காக்கும் டபுள் ரைட்டை அணைப்பது சிதைக்கும் வகை. 8.0.21 முதல் புது சர்வரில் தரவு ஏற்றுவதற்காக அதன் குறிப்பேடான ரீடூ லாக்கையே நிறுத்தலாம். அந்த நிலையில் கிராஷ் ஆனால் சர்வர் எழவே மறுக்கும். அந்த வெளிப்படையான மறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. போஸ்ட்கிரஸும் எஃப்சிங்க் ஆஃப் நிலையில் விழுந்தால் இப்படி அடம்பிடித்திருக்கலாம். எஸ்க்யூலைட்டில் வால் முறையும் சிங்க்ரனஸ் நார்மலும் சேர்ந்தால் கடைசி சில கமிட்டுகள் தொலையலாம், சிதையாது. சிங்க்ரனஸ் ஆஃப் என்றால் கரண்ட் கட்டில் சிதையலாம்.

திரும்பி வரும் வழி

புது சர்வரில் முதல்முறை பெரிய அளவில் தரவு ஏற்றும்போது எஃப்சிங்க்கை அணைப்பது நியாயமே. நடுவில் மெஷின் விழுந்தால் அடைவையே அழித்து மறுபடி தொடங்குவேன் என்ற உறுதி இருந்தால். "எழுகிறதா பார்ப்போம்" என்ற சபலமே கூடாது. இன்டெக்ஸ்களைக் கடைசியில் கட்டுங்கள், மெயின்டெனன்ஸ் வொர்க் மெமரியைக் கூட்டுங்கள், வால் லெவலை மினிமல் ஆக்குங்கள். மினிமல் நிலையில், அதே டிரான்சாக்‌ஷனில் உண்டாக்கிய டேபிளுக்குள் காப்பி செய்தால் வால் எழுதுவதே தவிர்க்கப்படும். மேக்ஸ் வால் செண்டர்ஸ் 0 ஆக இருந்தால்தான் மினிமல் ஏற்கும்.

ஏற்றி முடிந்ததும் எஃப்சிங்க்கையும் ஃபுல் பேஜ் ரைட்ஸையும் ஆன் செய்து ரீலோடு செய்யுங்கள். இது மட்டும் போதாது: அணைந்திருந்த காலத்தில் கெர்னலிடம் கொடுத்தவை இன்னும் கேஷில் கிடக்கலாம். சர்வரை ஒழுங்காக நிறுத்தி, டேட்டா அடைவின்மேல் இனிட்டிபி-யை சிங்க் ஒன்லி என்று ஓட்டினால் எல்லாக் கோப்பும் டிஸ்க்கில் இறங்கும். வால் லெவலை ரெப்ளிகாவுக்குத் திருப்பி, சர்வரை எழுப்பி, வேக்கம் அனலைஸ் ஓட்டி, புதிதாக பேஸ் பேக்கப் எடுங்கள். மினிமலுக்கு முன் எடுத்த பேக்கப்பை வைத்து அதற்குப் பிந்தைய நேரத்துக்கு மீட்க முடியாது. ஏற்கெனவே எஃப்சிங்க் ஆஃப் நிலையில் ஒருமுறை விழுந்து எழுந்த சர்வர் என்றால் சிதைவைத் தேடும் பிஜி ஆம்செக்கை, இன்டெக்ஸையும் டேபிளையும் ஒப்பிடும் ஹீப் ஆல் இன்டெக்ஸ்ட் தேர்வோடு ஓட்டிப் பாருங்கள்.

கோப்பில் ஆன் என்று இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஆல்டர் சிஸ்டம் கட்டளையில் அணைத்திருந்தால் அது போஸ்ட்கிரஸ்க்யூஎல் ஆட்டோ கான்ஃப் கோப்பில் உட்கார்ந்திருக்கும்; முதன்மைக் கோப்பில் நீங்கள் எத்தனை முறை ஆன் என்று எழுதினாலும் அதுதான் வெல்லும். தொடங்கும் கட்டளையில் கொடுத்தது அதையும் வெல்லும். ஓடும் சர்வரிடமே 'ஷோ எஃப்சிங்க்' என்று கேளுங்கள். ஆஃப் என்று வந்து, அது ஒரு கோப்பிலிருந்து வருவதாக இருந்தால், எந்தக் கோப்பின் எந்த வரி என்பதை பிஜி செட்டிங்ஸின் சோர்ஸ்ஃபைல், சோர்ஸ்லைன் பத்திகள் காட்டும். டிஸ்க் நிறைந்தால் அலாரம் அடிக்கும் அதே கண்காணிப்பில் இந்தக் கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.